காயா, பழமா? சுங்க வரி ஏட்டில் ஒரு வழக்கு



ஒரு காரியமாக வெளியே போய் வந்தவரை வாசற்படியிலேயே நிறுத்தி, "போன காரியம் காயா, பழமா?" என்று கேட்பது நம்மவர் வழக்கம். பெண் பார்த்துவிட்டு வந்தவரையும் கேட்போம். மகனுடைய வேலை விஷயமாகப் பட்டணம் போய் வந்தவரையும் கேட்போம். கேட்பவர் யாரும் உண்மையான காயையோ பழத்தையோ மனத்தில் வைத்துக்கொண்டு கேட்பதில்லை. ஆனால், இதே கேள்வியைத் தக்காளியைக் காட்டிக் கேட்டு, ஆறு ஆண்டுகள் வழக்காடி, ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரைக்கும் கொண்டுபோனவர்கள் இருக்கிறார்கள். அது வீண் வம்புக்காக நடந்த வழக்கு அன்று. காய் என்றால் வரி உண்டு, பழம் என்றால் வரி இல்லை என்று சட்டம் சொன்னதால் எழுந்த வழக்கு.

அந்த வழக்கையும், அதன் வழியாக நாம் பசியாறும்போது ரொட்டியில் தடவிக்கொள்ளும் ஜாமின் கதையையும் இன்று சொல்ல இருக்கிறோம்.

இதைத் தேடிப் படிக்கும்படி எம்மைத் தூண்டியவர் ஒரு மாணவியின் தாயார். தோட்டத்துக் கடையில் ஒரே தட்டில் இரண்டு போத்தல்கள் இருந்தன. இரண்டும் வெளிநாட்டுச் சரக்கு. இரண்டின் மேலும் ஸ்ட்ராபெரிப் பழத்தின் படம். அந்த அம்மா இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு, "ஐயா, ஒண்ணுல ஜாம்னு போட்டிருக்கான், இன்னொண்ணுல ஃப்ரூட் ஸ்பிரெட்னு போட்டிருக்கான். விலையும் வேற. ரெண்டும் ஒண்ணுதானா?" என்று கேட்டார். எமக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எமக்கு வரலாறு கற்பித்தவர்கள் மன்னர்களைப் பற்றியும் போர்களைப் பற்றியும் நிறையச் சொன்னார்கள். ஜாம் போத்தலுக்கும் ஒரு வரலாறு உண்டு என்று யாரும் சொன்னதில்லை.

முதலில் சுங்கம் என்பது என்ன என்று பார்ப்போம். வெளிநாட்டிலிருந்து வரும் சரக்கு கிள்ளான் துறைமுகத்திலோ பினாங்கிலோ இறங்கும்போது அதன் மீது அரசாங்கம் விதிக்கும் வரியே சுங்க வரி. சொல் நமக்குப் பழையது. முதலாம் குலோத்துங்க சோழனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றே ஒரு பட்டம் இருந்தது. சுங்கத்தைத் தவிர்த்த மன்னனை மக்கள் மறக்கவில்லை என்றால், சுங்கம் அவர்களை எவ்வளவு தொட்டிருக்கும் என்று எண்ணிக்கொள்ளலாம்.

எல்லாச் சரக்குக்கும் ஒரே அளவு வரி என்றிருந்தால் தொல்லை இல்லை. பெரும்பாலான நாடுகளில் அப்படி இல்லை. ஒரு பொருளுக்கு நூற்றுக்குப் பத்து, இன்னொன்றுக்கு நூற்றுக்கு இருபது, வேறொன்றுக்கு வரியே இல்லை என்று ஒரு நீண்ட அட்டவணை இருக்கும். ஆகையால் துறைமுகத்தில் நிற்கும் சுங்க அதிகாரி முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இதற்கு எவ்வளவு வரி?" என்பது அன்று. "இது என்ன பொருள்?" என்பதே. நான்கு வெள்ளி மதிப்புள்ள ஒரு போத்தலுக்கு நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொண்டால், வரி நாற்பது சென். அதே போத்தல் அட்டவணையில் வரியில்லாத வரிசைக்குப் போய்விட்டால் அந்த நாற்பது சென் இல்லை. பத்தாயிரம் போத்தல் இறக்கும் வணிகருக்கு அது நான்காயிரம் வெள்ளி. பொருள் ஒன்றே, பெயர் மாறினால் பணம் மாறுகிறது. அந்தப் பணத்தை வணிகர் தம் கையிலிருந்து போடுவதில்லை என்பதை நாம் அறிவோம். அது போத்தலின் விலையோடு சேர்ந்து தோட்டத்துக் கடைத் தட்டுவரை வந்துவிடுகிறது.

இனி அந்தத் தக்காளி வழக்குக்கு வருவோம்.

அமெரிக்காவில் 1883ஆம் ஆண்டு மார்ச் மாதம் 3ஆம் நாள் ஒரு சுங்க வரிச் சட்டம் நிறைவேறியது. இறக்குமதியாகும் காய்கறிகளுக்கு நூற்றுக்குப் பத்து வரி. பழங்களுக்கு, தனியாகப் பெயர் குறிப்பிடப்பட்டவை நீங்கலாக, வரி இல்லை. 1886ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஜான் நிக்ஸ் என்பவரும் அவருடைய குடும்பத்தாரும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து நியூயார்க் துறைமுகத்துக்குத் தக்காளி இறக்கினார்கள். அங்கே சுங்க வரி வசூலிக்கும் தலைமை அதிகாரியாக இருந்தவர் எட்வர்ட் ஹெடன். தக்காளி காய்கறிதான் என்று சொல்லி அவர் பத்து விழுக்காடு வரி வாங்கிவிட்டார். நிக்ஸ் குடும்பத்தார் ஆட்சேபம் தெரிவித்துக்கொண்டே பணத்தைக் கட்டினார்கள். பிறகு 1887ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள், கட்டிய பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று அந்த அதிகாரிமேல் வழக்குத் தொடுத்தார்கள்.

செடி நூல் கற்றவர்களைக் கேட்டால் தக்காளி பழம்தான். பூவிலிருந்து உண்டாகி, உள்ளே விதையைக் கொண்டிருப்பது எதுவோ அது பழம் என்பது அவர்கள் கணக்கு. நிக்ஸ் தரப்பு வழக்கறிஞர் அந்தக் கணக்கை நம்பித்தான் நீதிமன்றத்துக்கு வந்தார். கையில் அகராதிகளைக் கொண்டுவந்து, 'பழம்' என்ற சொல்லுக்கும் 'காய்கறி' என்ற சொல்லுக்கும் 'தக்காளி' என்ற சொல்லுக்கும் பொருள் படித்துக் காட்டினார். பழமும் காய்கறியும் விற்பதில் முப்பது ஆண்டு அனுபவம் உடைய இருவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, வணிகத்தில் இச்சொற்களுக்கு ஏதேனும் தனிப்பொருள் உண்டா என்று கேட்டார். அப்படித் தனிப்பொருள் இல்லை என்பதே அவர்களுடைய சாட்சியம்.

அரசாங்கத் தரப்பு வழக்கறிஞர் சும்மா இருக்கவில்லை. அவரும் அகராதியைப் பிரித்தார். பட்டாணி, கத்திரிக்காய், வெள்ளரிக்காய், பூசணி, மிளகாய் என்று ஒவ்வொன்றாகப் படித்தார். அவர் சொல்லவந்தது விளங்குகிறதல்லவா? விதை உள்ளதெல்லாம் பழம் என்றால் கத்திரிக்காயும் மிளகாயும்கூடப் பழமாகிவிடும்! உடனே நிக்ஸ் தரப்பு, உருளைக்கிழங்கு, முள்ளங்கி போன்ற கிழங்கு, முட்டைக்கோஸ், காரட், அவரை என்று இன்னொரு வரிசையைப் படித்தது. சந்தைக்குப் போகும் பட்டியலைப் போல நடந்த இந்த வழக்கில் வேறு சாட்சியம் எதுவும் இல்லை.

1893ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் நீதிபதி ஹோரஸ் கிரே. நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக ஏற்ற தீர்ப்பு அது. செடி நூலின்படி தக்காளி பழம்தான், வெள்ளரியும் பூசணியும் பட்டாணியும் அப்படியே என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் சட்டத்திலுள்ள சொல்லுக்கு, தனிப்பொருள் எதுவும் நிறுவப்படாதவரை, மக்கள் வழங்கும் பொருளையே கொள்ளவேண்டும் என்றார். விற்பவரும் உண்பவரும் இவற்றைக் காய்கறி என்கிறார்கள்; தோட்டத்துக் காய்கறிப் பாத்தியில் பயிராகிறது; சூப்போடும் மீனோடும் இறைச்சியோடும் சேர்த்துப் பரிமாறப்படுகிறது; பழத்தைப் போல உணவு முடிந்தபின் இனிப்பாக உண்ணப்படுவதில்லை. ஆகவே தக்காளி காய்கறி. நிக்ஸ் குடும்பத்தார் தோற்றார்கள். அவர்கள் போன காரியம் காயாகத்தான் முடிந்தது.

இந்தத் தீர்ப்பைக் கேலி செய்து எழுதியவர்கள் பலர். விஞ்ஞானத்துக்கு விரோதமான தீர்ப்பு என்பார்கள். எமக்கு அப்படித் தோன்றவில்லை. சட்டம் எழுதப்பட்டது செடி நூலாருக்காக அன்று. சமையற்கட்டில் நிற்பவர்களும் சந்தையில் கூடை சுமப்பவர்களும் பேசும் பேச்சுக்கு ஒரு பெரிய நீதிமன்றம் காது கொடுத்தது என்பதுதான் இதில் பெரிய செய்தி. ஆனால், எந்த மக்களுடைய பேச்சு என்று ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. அதை எமக்கு உணர்த்தியவள் நான்காம் ஆண்டில் படிக்கும் ஒரு சிறுமி.

வகுப்பில் ஒரு நாள் பயிற்சித்தாள் கொடுத்திருந்தோம். இரண்டு கட்டங்கள்: ஒன்று காய், மற்றொன்று பழம். அந்தச் சிறுமி தக்காளியைப் பழத்தில் எழுதியிருந்தாள். வாழையை இரண்டு கட்டத்திலும் எழுதியிருந்தாள். நாம் இரண்டுக்கும் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டுவிட்டோம். அவள் தாளை எடுத்துக்கொண்டு மேசைக்கே வந்துவிட்டாள். "ஐயா, எங்க பாட்டி 'தக்காளிப் பழம் வாங்கிட்டு வா'ன்னுதானே சொல்றாங்க? வாழைக்காயும் வாழைப்பழமும் ஒரே தார்லதானே ஐயா இருக்கு?"

நேயர்களே, அவள் சொன்னதில் என்ன தவறு? ஆங்கிலேயருக்குக் காய்கறி ஒரு சாதி, பழம் ஒரு சாதி. தமிழில் அப்படியன்று. காயும் பழமும் ஒன்றன் இரண்டு பருவங்கள். மாங்காய் பழுத்தால் மாம்பழம்; பலாக்காய் பழுத்தால் பலாப்பழம். ரசத்துக்குப் பிழியும்போதும் அது நமக்குத் தக்காளிப் பழம்தான். கூட்டுக்கு நறுக்கும் பச்சையானது தக்காளிக்காய். நீதிபதி கிரே அவர்கள் தமிழ்ப் பாட்டி ஒருத்தியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியிருந்தால், மக்கள் பேச்சுதான் சட்டம் என்ற அதே விதியைக் கொண்டு நிக்ஸ் குடும்பத்தாருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டி வந்திருக்கும்!

தாளில் போட்ட சிவப்புக் கோட்டை அடித்துவிட்டு இரண்டு மதிப்பெண் கூட்டிக் கொடுத்தோம். பிறகு, இன்று உலக நாடுகள் பயன்படுத்தும் சுங்க அட்டவணையைப் பார்த்தபோது எமக்குச் சிரிப்பு வந்தது. அதில் ஏழாம் அத்தியாயம் காய்கறிகளுக்கு உரியது. எட்டாம் அத்தியாயம் பழங்களுக்கும் கொட்டைகளுக்கும் உரியது. தக்காளி ஏழாம் அத்தியாயத்தில்தான் இருக்கிறது, 07.02 என்ற எண்ணில். ஆனால் வாழைக்காயும் வாழைப்பழமும் எட்டாம் அத்தியாயத்தில் 08.03 என்ற ஒரே எண்ணில், ஒரே தாரில் இருப்பதைப்போல, சேர்ந்தே இருக்கின்றன. பாட்டியின் பேச்சுக்குப் பாதி வெற்றி.

தக்காளியை விட்டு ஜாமுக்கு வருவோம். ஜாம் என்பது பாதி பழம், பாதி சர்க்கரை. ஆகவே ஜாமின் கதையில் சர்க்கரை வரியின் கதையும் கலந்திருக்கிறது; அந்த இடத்தில் நம் முன்னோர்களும் வருகிறார்கள்.

பிரிட்டனில் ஒரு காலத்தில் சர்க்கரைக்குக் கடுமையான சுங்க வரி இருந்தது. சர்க்கரை செல்வர் வீட்டுப் பண்டம். வரி படிப்படியாகக் குறைந்து 1874ஆம் ஆண்டில் அறவே நீக்கப்பட்டது. ஐரோப்பாவில் பீட் கிழங்கிலிருந்து எடுத்த சர்க்கரையும் மலிவாக வந்து குவிந்தது. அதன் பிறகு ஜாம் ஆலைகள் பெருகின. ஆலையிலும் சுரங்கத்திலும் உழைத்தவர்களின் வீடுகளில் ரொட்டி, ஜாம், தேநீர் என்பது அன்றாட உணவாயிற்று. வெண்ணெய் வாங்க முடியாத வீட்டில் ஜாம் இருந்தது. போயர் போர்ச் செலவுக்காக 1901ஆம் ஆண்டில் சர்க்கரை வரி மீண்டும் வந்தபோது, அந்த வீடுகளின் ரொட்டித் துண்டுக்கும் சேர்த்தே வரி வந்தது.

இந்தச் சர்க்கரைச் சந்தைக்குக் கரும்பு வெட்டியவர்களில் தமிழர்களும் உண்டு. ரப்பர் மரம் மலாயாவில் தோட்டப் பயிராவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, இன்று செபராங் பிறை என்று நாம் அழைக்கும் வெல்லஸ்லி மாகாணத்தில் கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. 1830களிலும் 1840களிலும் அங்கே கால் வைத்த ஐரோப்பிய முதலாளிகள் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்தார்கள். நிபோங் திபால், பத்து காவான் பக்கத்து மக்களுக்கு இது பாட்டன் பூட்டன் கதை. கித்தா மரத்தில் பால் வெட்டுவதற்கு முன் நம்மவர் கை பிடித்தது கரும்பு வெட்டும் கத்தி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் அந்தக் கரும்பை விரட்டிவிட்டது. ஒப்பந்தக் கூலி முறையும் 1910இல் நிறுத்தப்பட்டது.

அந்தக் காலத்தில் ஒரு சர்க்கரை மூட்டை எந்த ஊரில் விளைந்தது என்பதைப் பொறுத்து இலண்டனில் வரி மாறும். சிங்கப்பூரில் பாலஸ்டியர் சாலையைத் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். ஜோசப் பாலஸ்டியர் என்ற அமெரிக்கத் தூதர் அந்தப் பகுதியில்தான் கரும்பு பயிரிட்டார். பிரிட்டனில் சாதகமான வரி கிடைக்காதது அவருக்குப் பெரிய அடியாயிற்று. 1840களின் இறுதியில் அவர் தோட்டம் கைமாறியது. கரும்பு பழுதில்லை, மண்ணும் முற்றிலும் பழுதில்லை. இலண்டனில் இருந்த ஓர் ஏட்டில் எந்த வரிசையில் பெயர் இருந்தது என்பதும் ஒரு தோட்டத்தின் தலைவிதியில் பங்கு கொண்டது.

ஒவ்வொரு நாடும் தன் மனம்போல் அட்டவணை வைத்திருந்த காலம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் மாறத் தொடங்கியது. பெல்ஜிய நாட்டுத் தலைநகரான பிரஸ்ஸல்ஸில் நாடுகள் கூடி ஒரு பொது அட்டவணையை வகுத்தன. அதன் வழிவந்ததுதான் 1983ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் கையொப்பமாகி, 1988ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த இன்றைய ஒருங்கிணைந்த முறை. இருநூறுக்கு மேற்பட்ட நாடுகளும் பிரதேசங்களும் இதைப் பயன்படுத்துகின்றன. நம் மலேசியாவும் அவற்றில் ஒன்று. ஊசி முதல் கப்பல் வரை எல்லாவற்றுக்கும் ஆறு இலக்கத்தில் ஓர் எண் உண்டு. எண் எல்லாருக்கும் பொது. அந்த எண்ணுக்கு எவ்வளவு வரி என்பது மட்டும் அந்தந்த நாட்டு அரசாங்கத்தின் விருப்பம்.

ஒரு மாம்பழத்தை எடுத்துக்கொண்டு இந்த ஏட்டுக்குள் நடந்து பார்ப்போம். பறித்தபடியே பெட்டியில் வந்தால் 08.04. உறைய வைத்து வந்தால் 08.11. வினிகரில் ஊறப்போட்டு வந்தால் 20.01. சர்க்கரைப் பாகில் ஊற வைத்து வடித்தெடுத்தது 20.06. ஜாமாகக் காய்ச்சியது 20.07. துண்டு போட்டுப் பாகோடு டின்னில் அடைத்தது 20.08. சாறாகப் பிழிந்தது 20.09. மரம் ஒன்று, பழம் ஒன்று. சமையற்காரர் கை பட்ட விதத்தில் ஏழு முகவரி.

நம் ஜாம் குடியிருக்கும் 20.07 என்ற வீட்டின் வாசலில் ஒரே ஒரு நிபந்தனை எழுதியிருக்கிறது: 'சமைத்துப் பெறப்பட்டது'. சமைப்பது என்றால் என்ன என்பதற்கும் ஏட்டில் விளக்கம் உண்டு. சூடேற்றி, நீரை வற்றச் செய்தோ வேறு வகையிலோ பண்டத்தைக் கெட்டியாக்குவது. நம் தாய்மார்கள் அடிபிடிக்காமல் கிண்டிச் சுருளவிடும் அந்தப் பதம்தான் இது. அரைத்த பழத்தை இப்படிக் காய்ச்சாமல் அடைத்திருந்தால் அது அடுத்த வீடான 20.08க்குப் போய்விடும். கச்சானை வறுத்து அரைத்த பீனட் பட்டரும் அங்கேதான். அரைத்த கொட்டையோடு கொக்கோ சேர்த்துப் பிள்ளைகள் விரலால் வழித்து நக்கும் சாக்லேட் பசை இருக்கிறதே, அது கொக்கோவுக்கு உரிய பதினெட்டாம் அத்தியாயத்துக்கு, 18.06க்கு, ஓடிவிடுகிறது. ஒரே தட்டில் தோளுரசி நிற்கும் போத்தல்கள் ஏட்டில் வெவ்வேறு தெருக்களில் வசிக்கின்றன.

இதில் வேடிக்கை ஒன்று. இந்த முறைக்கு உலகச் சுங்க அமைப்பு வெளியிட்டுள்ள விளக்கக் குறிப்புகளில், ஜாம் என்பது பழத்தோடு நில்லாமல் கத்திரிக்காய், பூசணி வகை, இஞ்சி, ரோஜா இதழ் ஆகியவற்றைச் சர்க்கரையோடு காய்ச்சியதையும் சேர்த்துக்கொள்கிறது. தக்காளியைப் பழம் என்று ஒப்பாத உலகம், சர்க்கரைப் பாகில் போட்டுவிட்டால் கத்திரிக்காயையும் பழத்தோடு உட்கார வைக்கிறது! ஐரோப்பியர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். போர்த்துக்கல் நாட்டில் காரட்டில் ஜாம் செய்வது பழைய வழக்கம். அந்நாடு 1986இல் ஐரோப்பியக் கூட்டமைப்பில் சேர்ந்தது. ஐரோப்பிய உணவுச் சட்டமோ ஜாமைப் பழத்தில்தான் செய்யவேண்டும் என்கிறது. பாட்டி காலத்துப் பண்டத்தைக் கைவிடச் சொல்ல முடியுமா? 2001ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாளிட்ட ஐரோப்பிய ஆணையைப் பிரித்துப் பார்த்தால், ஜாம் விஷயத்தில் தக்காளி, காரட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வெள்ளரி, பூசணி எல்லாம் பழமாகவே கருதப்படும் என்று எழுதியிருக்கிறது. நியூயார்க்கில் தோற்ற தக்காளி நூற்றெட்டு ஆண்டுகள் கழித்து ஐரோப்பாவில் ஜெயித்தது என்று சொல்லலாம்.

இப்போது அந்தத் தாயார் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அதே ஐரோப்பிய ஆணை ஒரு கிலோ ஜாமுக்குக் குறைந்தது 350 கிராம் பழக்கூழ் வேண்டும் என்றது. சர்க்கரை முதலிய கரைந்த திடப்பொருள் பொதுவாக நூற்றுக்கு அறுபதாவது இருக்கவேண்டும் என்றும் சொன்னது. சர்க்கரையைக் குறைத்து, பழத்தைக் கூட்டிச் செய்பவர், தம் பண்டம் நல்லதாகவே இருந்தாலும், அதற்கு ஜாம் என்று பெயர் போட இடம் சுருங்கியது. அதனால்தான் ஃப்ரூட் ஸ்பிரெட் என்ற பெயர் போத்தலில் ஏறியது. அது உணவுச் சட்டத்தின் கணக்கு. சுங்க அதிகாரியின் கணக்கு வேறு. அவர் போத்தலின் மேல் ஒட்டிய பெயரோடு நிற்பதில்லை. உள்ளே என்ன இருக்கிறது, எப்படிக் காய்ச்சினார்கள் என்று பார்க்கிறார். இரண்டும் பழத்தைக் கெட்டியாகக் காய்ச்சியவை என்றால் இரண்டும் 20.07தான். ஆகவே அம்மா, சுங்க ஏட்டைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். விலை வேறுபாட்டுக்குக் காரணம் பழத்தின் அளவிலும் கம்பெனியின் பெயரிலும் இருக்கலாம். அந்த எண்ணில் இல்லை.

ஒரு பண்டம் இரண்டு எண்களுக்கும் பொருந்துவதுபோல் இருந்தால் என்ன செய்வது? அதற்கும் ஆறு பொது விதிகள் வகுத்திருக்கிறார்கள். பொதுவான பெயரைவிடக் குறிப்பான பெயர் மேல். கலவையாக இருந்தால் அதன் தன்மையைத் தருவது எதுவோ அதன் பக்கம். அதிலும் தீராவிட்டால், எண் வரிசையில் எது கடைசியாக வருகிறதோ அது. இவ்வளவு படித்தவர்கள் கூடிக் கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் ஒரு விதியை வைத்திருக்கிறார்களே என்று எமக்குத் தோன்றியது. ஆனாலும் முடிவில்லாமல் துறைமுகத்தில் சரக்கு அழுகுவதைவிட அது மேல்தான். நம் நாட்டில் இறக்குமதி செய்பவர், சரக்கு வருமுன்பே அதன் எண் என்ன என்று சுங்கத் துறையிடம் எழுதிக் கேட்டு முடிவு பெறலாம். முடிவு ஒப்பவில்லையென்றால் மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு. நிக்ஸ் குடும்பத்தாரைப்போல் ஆறு ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பதில்லை.

இதெல்லாம் பெரிய வணிகர்களின் விவகாரம், நமக்கென்ன என்று கேட்கலாம். 2025ஆம் ஆண்டு நடந்ததை நினைத்துப் பாருங்கள். அவ்வாண்டு ஜூலை முதல் நாளிலிருந்து விற்பனை வரியை விரிவாக்கப் போவதாக அரசாங்கம் அறிவித்தது. அன்றாடத் தேவையல்லாத பொருள்களுக்குத்தான் வரி என்றார்கள். அந்தப் பட்டியலில் இறக்குமதிப் பழங்களும் நூற்றுக்கு ஐந்து என்ற கணக்கில் வந்து நின்றன. உடனே நாடெங்கும் பேச்சு எழுந்தது. ஆப்பிள் செல்வர் வீட்டுப் பழமா? காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு ஆரஞ்சு வாங்கிக் கொடுப்பவர் யார்? சீனப் பெருநாளில் கை நிறையக் கொடுக்கும் மாண்டரின் ஆரஞ்சும், நோன்பு துறக்கும் பேரீச்சம்பழமும் ஆடம்பரமா? ஜூன் மாத இறுதியில், ஆப்பிள், ஆரஞ்சு, மாண்டரின் ஆரஞ்சு, பேரீச்சம்பழம் ஆகியவற்றுக்கு அந்த வரி இல்லை என்று அரசாங்கம் அறிவித்தது. எந்த மேசையில் யார் எப்போது உண்கிறார்கள் என்று 1893இல் நீதிபதி கிரே பார்த்த அதே பார்வைதான் இங்கேயும் செல்லுபடியாயிற்று. இம்முறை பேச்சு நம்முடையதாக இருந்தது.

நிறைவாக, எம் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இந்தக் கதையையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லி முடித்தபோது, அந்தத் தக்காளிப் பழச் சிறுமி கையைத் தூக்கினாள்.

"ஐயா, அப்ப காயா? காயா, காயா பழமா?"

வகுப்பே சிரித்தது. நாமும் சிரித்துவிட்டோம். ரொட்டியில் தடவும் காயா இருக்கிறதே, தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் பாண்டான் இலையும் சேர்த்துக் கிண்டியது, அதைத்தான் அவள் கேட்டாள். தேங்காய் ஏட்டில் எட்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. ஆனால் முட்டையும் பாலும் சேர்ந்த காயா பழ ஜாமோடு 20.07க்குள் நுழைவதில்லை. வேறு எங்கும் குறிப்பிடப்படாத உணவுத் தயாரிப்புகள் என்று 21.06 என்ற எண்ணில் ஒரு பொதுக்கொட்டகை இருக்கிறது. உலக அட்டவணையில் அதற்குமேல் காயாவுக்கு இடமில்லை. ஆசியான் நாடுகள் தங்களுக்குள் எட்டு இலக்கம்வரை விரித்து எழுதிக்கொண்ட பொது அட்டவணையில்தான், அந்தக் கொட்டகைக்குள்ளேயே 'செரி காயா' என்று நம் ஊர்ப் பெயராலேயே அதற்கு ஒரு தனி வரி எழுதியிருந்தார்கள்.

கரும்பலகையில் 21.06 என்று எழுதி, "காயும் இல்லை, பழமும் இல்லை, இதுதான் அதன் வீட்டு எண்" என்றோம். அவள் எழுதிக்கொண்டாள். பிறகு பக்கத்திலிருந்த தோழியிடம், பாட்டியிடம் போய்ச் சொல்லவேண்டும் என்று மெல்லச் சொன்னாள். மணி அடித்துவிட்டது.